ஜெர்மனிக்குத் தன்னார்வலராக வருகிறீர்களா? முதல் நாட்களில் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

ஒவ்வோர் ஆண்டும் கோடை முடியும் நேரத்தில் தமிழ்நாட்டிலிருந்து சில இளைஞர்கள் ஓராண்டுத் தன்னார்வப் பணிக்காக ஜெர்மனி வந்து இறங்குகிறார்கள். ஒருவருக்கு முதியோர் இல்லம், இன்னொருவருக்கு மழலையர் பள்ளி, மற்றொருவருக்கு மாற்றுத்திறனாளிகளின் தொழிற்கூடம். போகும் இடம் வேறுவேறு என்றாலும் கேட்கும் கேள்விகள் ஒன்றுதான். நானும் இப்படி வந்தவள். புதிதாக வருபவர்களுக்கு ஃபோனில் சொல்லும் பதில்களை எழுதி வைத்துவிட்டால் விமானம் ஏறும் முன்பே படித்துக்கொள்ளலாம் என்று இதைத் தொகுத்தேன். கேள்விகளை அவர்கள் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

அக்கா, இது வேலையா, படிப்பா, சும்மா சேவையா? வீட்டுல கேட்டா எனக்கே சொல்லத் தெரியல.

ஜெர்மனியில் 2011-இல் கட்டாய ராணுவச் சேவையை நிறுத்தி வைத்தார்கள். ராணுவத்துக்குப் போக விரும்பாத இளைஞர்கள் அதுவரை மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் மாற்றுச் சேவை செய்துவந்தார்கள். அதுவும் கூடவே நின்றுபோனது. அந்த இடத்தை நிரப்ப வந்ததுதான் இந்தக் கூட்டாட்சித் தன்னார்வப் பணி. இதில் சேர்ந்தவர்களை எல்லோரும் ‘புஃப்டி’ என்பார்கள். உங்களையும் அப்படித்தான் சொல்வார்கள். இந்தியாவிலிருந்து வருபவர்களில் சிலர் ‘வெல்ட்வேர்ட்ஸ்’ திட்டத்தின் வழியாக வருகிறார்கள். ஜெர்மன் இளைஞர்களை வெளிநாடுகளுக்கு அனுப்ப 2008-இல் தொடங்கிய திட்டம் அது. 2013 முதல் நம்மைப் போன்றவர்கள் இங்கே வரவும் அதில் வழி உண்டு.

வீட்டில் இப்படிச் சொல்லுங்கள்: சம்பளம் கிடையாது. கைச்செலவுக்குப் பணம், தங்க இடம், சாப்பாடு அல்லது சாப்பாட்டுக் காசு, மருத்துவக் காப்பீடு எல்லாம் உண்டு. வழக்கமாக 12 மாதம். மற்ற ஊழியர்களைப் போல முழுநேரம் வேலை செய்ய வேண்டும். இடையிடையே குறைந்தது 25 நாள் செமினார் இருக்கும். மற்ற தன்னார்வலர்களோடு பழகுவது அங்கேதான்.

பெட்டியில என்ன எடுத்துட்டு வரணும்? அம்மா குக்கர், மிக்ஸி, நெய் எல்லாம் கட்டி வச்சிருக்காங்க.

நெய் வேண்டாம், பால்கோவாவும் வேண்டாம். பால் பொருளும் இறைச்சியும் வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுவரக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் கேட்பார்கள். சாம்பார் பொடி, பருப்புப் பொடி, இட்லிப் பொடி எடுத்து வாருங்கள். முதல் மாதத்தில் அவற்றின் அருமை தெரியும்.

மின்சாரம் நம் ஊர் மாதிரி 230 வோல்ட்தான், அதனால் மிக்ஸி ஓடும். ஆனால் நம் மூன்று முள் பிளக் இங்கே சேராது, அடாப்டர் வேண்டும். குக்கர் கொண்டுவருவதற்கு முன்னால் தங்கப்போகும் இடத்தில் எந்த அடுப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள். இண்டக்‌ஷன் என்றால் அலுமினியக் குக்கர் அதில் சூடேறாது. ஸ்வெட்டரை ஊரில் வாங்க வேண்டாம். இங்கே பழைய துணிக் கடைகளில் நல்ல குளிர்கோட்டே குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

வந்து இறங்கியதும் முதல் வேலை என்ன?

வீட்டுக்கு ஒரு ஃபோன், அப்புறம் தூக்கம். அதற்கடுத்து முகவரிப் பதிவு. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் உங்கள் முகவரியைப் பதிய வேண்டும், ‘அன்மெல்டுங்’ என்பார்கள். பாஸ்போர்ட்டும், இங்கேதான் குடியிருக்கிறார் என்று வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட தாளும் வேண்டும். அந்தப் பதிவுச் சீட்டு கைக்கு வராமல் வங்கிக் கணக்கு உட்பட மற்ற வேலைகள் நகர்வது கஷ்டம்.

பலரும் கவனிக்காமல் விடுவது தபால் பெட்டி. அதில் உங்கள் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் கடிதத்தைப் போடாமல் திருப்பி அனுப்பிவிடுவார். காப்பீட்டு அட்டை, வங்கி அட்டையின் ரகசிய எண், வரி எண் எல்லாம் தபாலில்தான் வரும். வந்த அன்றைக்கே ஒரு துண்டுக் காகிதத்தில் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள்.

விசா எந்தத் தேதியில் முடிகிறது என்பதையும் அன்றைக்கே பார்த்துக் குறித்து வையுங்கள். அதற்கு முன் வெளிநாட்டவர் அலுவலகத்தில் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். உரிய காலத்தில் விண்ணப்பித்துவிட்டால், அவர்கள் பதில் தாமதமானாலும் அதுவரை நீங்கள் இங்கே இருப்பது சட்டப்படி செல்லும்.

எல்லாரும் என்னை எங்கப்பா பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க. என்ன பண்றது?

நம் பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடத்தில் பெரும்பாலும் அப்பா பெயர் இருக்கும். இவர்களுக்கு அது குடும்பப் பெயர். அதனால் கவிதா முருகேசன் இங்கே ‘ஃப்ராவ் முருகேசன்’, அதாவது முருகேசன் அம்மையார், ஆகிவிடுவாள். அலுவலகங்களில் இதை மாற்ற முடியாது, மாற்றப் பார்க்கவும் வேண்டாம். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, ஒரே எழுத்துக்கூட்டலில், வங்கி, காப்பீடு, தபால் பெட்டி எல்லாவற்றிலும் இருக்கட்டும். ஓரிடத்தில் இனிஷியல், இன்னோரிடத்தில் முழுப் பெயர் என்று போனால் கடிதமும் பணமும் வழியில் சிக்கிக்கொள்ளும்.

வேலை செய்யும் இடம் வேறு. அங்கே முதல் நாளே “என்னைக் கவிதா என்று கூப்பிடுங்கள், முருகேசன் என் அப்பா” என்று சொல்லிவிடுங்கள். அதன் பிறகு சரியாகக் கூப்பிடுவார்கள். சொல்லாமல் விட்டால் வருஷம் முழுக்க முருகேசன்தான்.

கொடுக்கிற காசு போதுமா? வீட்டுக்குக் கொஞ்சம் அனுப்ப முடியுமா?

அனுப்பும் எண்ணத்தோடு வராதீர்கள். கைச்செலவுப் பணத்துக்குச் சட்டம் மேல்வரம்பு மட்டும்தான் வைத்திருக்கிறது. 2025-இல் அது மாதம் 644 யூரோ. நிறைய இடங்களில் இதைவிடக் குறைவாகவே தருகிறார்கள். உங்களுக்கு எவ்வளவு என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். ஏஜெண்டிடம் லட்சக்கணக்கில் கடன்பட்டு வந்து இந்தப் பணத்தில் அடைக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். அப்படி வந்து தவிக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், மனம் பொறுக்கவில்லை.

செலவில் பெரியது பயணம். நாடு முழுக்க நகரப் பேருந்து, டிராம், உள்ளூர் ரயில் எல்லாவற்றிலும் செல்லும் மாதச் சீட்டு ஒன்று உண்டு. 2023-இல் 49 யூரோவுக்கு வந்தது, 2025-இல் 58 ஆனது, 2026 முதல் 63. அதை வைத்துக்கொண்டு அதிவேக ரயிலில் ஏறக் கூடாது. வேலை இடத்தில் இந்தச் செலவை ஏற்பார்களா என்று கேளுங்கள், பல இடங்களில் ஏற்கிறார்கள். டிக்கெட் இல்லாமல் மாட்டினால் அபராதம் 60 யூரோ. அப்புறம், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள். வாங்கும்போதே பாட்டிலுக்கு 25 சென்ட் சேர்த்துக் கொடுத்திருப்பீர்கள். சூப்பர்மார்க்கெட்டில் உள்ள எந்திரத்தில் போட்டால் அது திரும்ப வரும். குழாய்த் தண்ணீரே நன்றாகக் குடிக்கலாம் என்பதால் பாட்டிலே தேவைப்படாது.

சாப்பாடுதான் அக்கா பெரிய பிரச்சினை. ராத்திரிக்கு வெறும் ரொட்டியும் சீஸும் வைக்கிறாங்க.

அவர்களுக்கு மத்தியானம்தான் சூடான சாப்பாடு. ராத்திரி ரொட்டி, வெண்ணெய், சீஸ், இறைச்சித் துண்டுகள் என்று ஆறு மணிக்கே முடித்துவிடுவார்கள். உங்களுக்குக் குறைத்துப் போடுவதாக நினைக்காதீர்கள், எல்லோருக்கும் அதேதான். சமையலறை இருந்தால் ராத்திரிக்கு ஒரு சாதம் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் ‘மில்ஷ்ரைஸ்’ என்ற அரிசியை எடுத்துவிடாதீர்கள். அது பாலில் வேகவைத்து இனிப்புச் செய்யும் அரிசி, குழைந்துவிடும். பாஸ்மதி எல்லாக் கடையிலும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடிக் கிடக்கும். ரயில் நிலையத்தில் உள்ளவையும் பெட்ரோல் பங்குகளும் சில பேக்கரிகளும்தான் திறந்திருக்கும், அதனால் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள்.

என்ன சாப்பிட மாட்டீர்கள் என்பதை விவரமாகச் சொல்லுங்கள். சைவம் என்று மட்டும் சொன்னால் சிலர் மீனைக் கொண்டுவந்து வைப்பார்கள். “மீன் வேண்டாம், முட்டை சாப்பிடுவேன்” என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். இங்கே சாசேஜ் என்றால் பெரும்பாலும் பன்றி.

கறிவேப்பிலை, முருங்கைக்காய், புட்டு மாவு எல்லாம் இலங்கைத் தமிழர் கடைகளில் கிடைக்கும். 1980-களில் இருந்து போரினால் இடம்பெயர்ந்து வந்த அவர்கள் இங்கே வேர்விட்டு வாழ்கிறார்கள். ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோவிலும் அவர்கள் எழுப்பியதே. 2002-இல் குடமுழுக்கு நடந்தது. பக்கத்து ஊர்களில் இருப்பவர்கள் தேர்த் திருவிழாவுக்கு ஒருமுறை போய் வாருங்கள்.

தாளிச்சதும் கூரையில ஏதோ கத்துது, பக்கத்து ரூம்காரங்க எல்லாம் ஓடி வந்துட்டாங்க!

அது புகை அலாரம். வீடுகளில் கட்டாயம் மாட்டியிருக்க வேண்டும் என்று சட்டம். கடுகு வெடித்து, வரமிளகாய் கறுக்கத் தொடங்கிய அந்த நொடியிலேயே எழும் புகை அதற்குப் போதும். துணியைச் சுற்றி அதை மூடி வைக்காதீர்கள். உண்மையாகவே தீப்பிடித்தால் அதுதான் எழுப்பும். எண்ணெய் காய்வதற்கு முன்பே புகைபோக்கியைப் போடுங்கள். ஜன்னலைத் திறந்து, நடைக் கதவைச் சாத்திக்கொண்டு, மிளகாயைக் கடைசியில் போட்டு உடனே மூடியால் மூடுங்கள்.

ஜன்னல் விஷயத்தில் இவர்கள் ரொம்பக் கண்டிப்பு. குளிர்காலத்திலும் தினமும் இரண்டு மூன்று முறை ஹீட்டரை அணைத்துவிட்டு ஜன்னலை முழுசாகத் திறந்து ஐந்து பத்து நிமிஷம் விட வேண்டும். சமையல் ஆவியும் அறைக்குள் காயப்போட்ட துணியின் ஈரமும் சுவரில் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். அதைச் சுத்தம் செய்யும் செலவு உங்கள் தலையில் விழும்.

யாரும் எங்கிட்ட வந்து பேசவே மாட்டேங்கிறாங்க. என்னைப் பிடிக்கலையோ?

முதல் மாதத்தில் அதிகம் கேட்கும் கேள்வி இது. அழுதுகொண்டே கேட்டவர்களும் உண்டு, அதனால் விரிவாகச் சொல்கிறேன். நம் வீடுகளில் முகத்தைப் பார்த்தே “என்ன, சாப்பிடலையா?” என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொன்னாலும் இரண்டாவது தடவை கேட்பார்கள், மூன்றாவது தடவை தட்டில் வைத்தே விடுவார்கள். இங்கே நீங்கள் கேட்காமல் ஒருவர் உங்கள் விஷயத்தில் தலையிடுவதை அநாகரிகம் என்று நினைக்கிறார்கள். அவர்கள் ஒதுங்கி இருப்பது உங்களுக்குக் கொடுக்கும் மரியாதை.

ஊழியர் அறையில் மத்தியானக் காபி நேரம். ஒருவர் கேக் கொண்டுவந்து “எடுத்துக்கிறியா?” என்று தட்டை நீட்டுவார். நீங்கள் கூச்சத்தில் “பரவாயில்லை, வேண்டாம்” என்பீர்கள். தட்டு அடுத்தவரிடம் போய்விடும், திரும்பி வராது. உங்களுக்கு முகம் வாடும். அவரோ உங்களுக்குக் கேக் பிடிக்காது போல என்று நினைத்து அடுத்த வாரம் நீட்டவே மாட்டார். வேண்டும் என்றால் முதல் தடவையே வாங்கிக்கொள்ளுங்கள்.

மற்றதற்கும் இதே வழிதான். “இந்த ஊர் எனக்குப் புதுசு, சனிக்கிழமை எங்கேயாவது போகும்போது நானும் வரலாமா?” என்று கேளுங்கள். முடியாது என்றால் முடியாது என்று நேராகச் சொல்வார்கள், அதில் வஞ்சம் இருக்காது. சரி என்றால் தேதியும் நேரமும் குறித்து, சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பார்கள். நீங்களும் ஐந்து நிமிஷம் முன்னதாகப் போய் நில்லுங்கள். விளையாட்டுச் சங்கம், பாட்டுக் குழு என்று ஏதாவது ஒன்றில் சேர்ந்துவிட்டால் வாராவாரம் அதே முகங்களைப் பார்ப்பீர்கள். நட்பு மெதுவாக வரும், வந்தால் நிற்கும்.

வகுப்புல நல்லா ஜெர்மன் பேசினேன். இங்க வந்தா ஒரு வார்த்தை புரியல.

நீங்கள் படித்தது புத்தக ஜெர்மன். ஸ்டுட்கார்ட் பக்கம் பேசுவது வேறு, பவேரியாவில் வேறு, வடக்கே வேறு. மதுரைப் பேச்சும் நாஞ்சில் பேச்சும் கேட்டு வளர்ந்த உங்களுக்குக் காது பழகச் சில மாதம் ஆகும், பழகிவிடும்.

புரியாதபோது புரிந்த மாதிரித் தலையாட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள். நம் தலையாட்டல் அவர்களுக்கு ஆமாவா இல்லையா என்றே தெரியாது. வாயைத் திறந்து ‘யா’, ‘நைன்’ சொல்லுங்கள். முதியோர் இல்லத்தில் “இந்த அம்மாவுக்குத் தண்ணீரைக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும்” என்று சொல்வார்கள். விழுங்கச் சிரமப்படுபவருக்குச் சாதாரணத் தண்ணீர் கொடுத்தால் புரையேறி உயிருக்கே ஆபத்தாகலாம். மெதுவாகச் சொல்லுங்கள், எழுதிக் காட்டுங்கள் என்று எத்தனை தடவை கேட்டாலும் தப்பில்லை.

முதியோர் இல்லத்துல இருக்கிறவங்களை ‘பாட்டி’ன்னு கூப்பிடலாமா? குளிப்பாட்டவும் சொல்வாங்களாமே?

பாட்டி என்பதற்கு இங்கே ‘ஓமா’ என்பார்கள், ஆனால் நீங்களாக அப்படிக் கூப்பிடக் கூடாது. நமக்கு அது பாசம். அவருக்கோ, வாழ்நாள் முழுக்க ஆசிரியையாகவோ கடைக்காரராகவோ இருந்த தன்னை வெறும் கிழவியாக்கியது போலத் தோன்றும். பெண்களுக்கு ‘ஃப்ராவ்’, ஆண்களுக்கு ‘ஹெர்’ போட்டுக் குடும்பப் பெயரைச் சொல்லி, மரியாதைப் பன்மையில் பேசுங்கள். சக ஊழியர்கள் பெரும்பாலும் ஒருமையில்தான் பேசிக்கொள்வார்கள், ஐம்பது வயதுக்காரரையும் பெயர் சொல்லி அழைப்பார்கள். முதலில் நாக்கு எழாது, போகப் போகச் சரியாகிவிடும்.

குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, கழிப்பறைக்குக் கூட்டிப் போவது போன்றவற்றில் உதவச் சொல்லலாம். முதலில் ஒருவர் கூட நின்று கற்றுக்கொடுக்க வேண்டும். கூச்சமாக இருந்தால் அதையும் சொல்லலாம். ஊசி போடுவது, மருந்தை நீங்களே அளந்து கொடுப்பது போன்றவை பயிற்சி பெற்றவர்களின் வேலை. ஆள் பற்றாக்குறை என்று உங்களிடம் தள்ளினால் மறுத்துவிடுங்கள். ஊழியர் இடத்தை நிரப்பத் தன்னார்வலரைப் பயன்படுத்தக் கூடாது என்பது இந்தப் பணியின் அடிப்படை விதி.

உடம்பு சரியில்லைன்னா என்ன செய்யணும்?

வேலை தொடங்கும் முன்பே ஃபோன் செய்து சொல்ல வேண்டும். வராமல் இருந்துவிட்டு மறுநாள் விளக்குவது இங்கே எடுபடாது. மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் மருத்துவச் சான்று கட்டாயம், சில இடங்களில் முதல் நாளே கேட்பார்கள். காப்பீட்டு அட்டையைக் காட்டினால் மருத்துவருக்குப் பணம் தர வேண்டாம். காய்ச்சல் வருவதற்கு முன்பே பக்கத்தில் ஒரு பொது மருத்துவரைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் மெடிக்கலில் கேட்டு வாங்குவது போல ஆன்டிபயாடிக் இங்கே வாங்க முடியாது, சீட்டு வேண்டும். பாரசிட்டமால் சீட்டில்லாமல் மருந்துக் கடையில் கிடைக்கும். இரவிலும் விடுமுறையிலும் மருத்துவர் வேண்டுமென்றால் 116117, உயிர்போகும் அவசரம் என்றால் 112, போலீஸ் 110.

டி.வி.யே இல்ல, ஆனா டி.வி. கட்டணம் கட்டச் சொல்லி லெட்டர் வந்திருக்கு. ஏமாத்து வேலையா?

இல்லை, உண்மையான கடிதம்தான். பொது ஒலிபரப்புக்கு வீட்டுக்கு வீடு மாதம் 18.36 யூரோ கட்ட வேண்டும், டி.வி. இருக்கிறதா இல்லையா என்பது கணக்கில்லை. முகவரிப் பதிவு செய்ததும் உங்கள் பெயருக்குக் கடிதம் வரும். ஒரு வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும். கூட இருப்பவர் கட்டுகிறார் என்றால் அந்தக் கட்டணத்துக்கான அவருடைய பதிவு எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் அனுப்புங்கள். பதில் போடாமல் விட்டால் பாக்கி ஏறிக்கொண்டே போகும்.

பதிவு ஃபாரத்துல மதம் கேக்குறாங்க. கிறிஸ்தவர்னு எழுதினா வரி பிடிப்பாங்களாமே?

தேவாலய வரி என்று ஒன்று உண்டு. வருமான வரியில் 8 அல்லது 9 சதவீதம். ஆனால் உங்கள் கைச்செலவுப் பணத்துக்கு வருமான வரியே கிடையாது, ஆகவே இதுவும் வராது. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பின்னால் சம்பள வேலைக்குப் போனால் அந்தப் பதிவு கணக்கில் வரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அம்மா தினமும் வீடியோ கால்ல அழறாங்க. நவம்பர்ல இருந்து எனக்கும் காரணமில்லாம அழுகை வருது.

கோடையில் இந்தியா மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கும், அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை மாற்றியதும் அது நாலரை ஆகிவிடும். நீங்கள் வேலை முடித்து அறைக்கு வரும்போது அம்மா தூங்கப் போகும் நேரம். இரண்டு பேரும் களைத்திருக்கும்போது பேசினால் அழுகைதான் வரும். விடுமுறை நாளின் காலையில் நிதானமாகப் பேசுங்கள், மற்ற நாட்களில் ஒரு குரல் செய்தி போதும். அன்றைக்குச் சமைத்ததைப் படம் எடுத்து அனுப்புங்கள், பாதிக் கவலை தீரும்.

உங்கள் அழுகைக்குக் காரணம் இருக்கிறது. டிசம்பரில் காலை எட்டு மணிக்குத்தான் விடிகிறது, சாயங்காலம் நாலு மணிக்கு இருட்டிவிடுகிறது. இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்பினால் யாருக்கும் மனம் சோரும், இந்த ஊர்க்காரர்களுக்கும்தான். மத்தியான இடைவேளையில் ஃபோனைப் பையில் வைத்துவிட்டு வெளியே நடந்துவிட்டு வாருங்கள். தூக்கமும் பசியும் கெட்டு வாரக்கணக்கில் நீடித்தால் மேலே சொன்ன பொது மருத்துவரிடம் போங்கள். காய்ச்சலுக்குப் போகிற மாதிரியே போகலாம்.

இல்லத்துல ஒரு தாத்தா, “கறுப்புக் கை என்னைத் தொடக் கூடாது”ன்னு சொன்னார். மறதி நோய்க்காரர்னு எல்லாரும் சமாளிக்கிறாங்க.

அவருக்கு நோய் இருக்கலாம். உங்களுக்கு வலித்தது வலித்ததுதான். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அன்றைக்கே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள், வேறொருவரை அந்த அறைக்கு அனுப்புவது அவர் வேலை. சொன்னது ஊழியராக இருந்தால் தேதி, நேரம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவர் பெயர் எல்லாம் எழுதி வையுங்கள். பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் 2006 முதல் இருக்கிறது. கூட்டாட்சி அரசின் பாகுபாடு எதிர்ப்பு அலுவலகத்தில் இலவசமாக ஆலோசனை தருவார்கள்.

இந்த இடம் எனக்கு ஒத்து வரல. மாத்திக்க முடியுமா, இல்ல ஊருக்கே போயிடணுமா?

மாற்ற வழி உண்டு. பெரும்பாலும் முதல் ஆறு வாரம் சோதனைக் காலம். அதற்குப் பிறகும் முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம். ஆனால் உங்கள் தங்கும் அனுமதி இந்தப் பணியைச் சார்ந்தது, அறையும் அதோடு சேர்ந்தது. ஆகவே புது இடம் உறுதியாகாமல் விலகல் கடிதம் கொடுத்துவிடாதீர்கள். முதலில் உங்களை அனுப்பிய அமைப்பிடமும் இங்கே உங்களுக்கென்று நியமித்த வழிகாட்டியிடமும் பேசுங்கள்.

பேசும்போது “பிடிக்கவில்லை” என்று மட்டும் சொன்னால் காரியம் நடக்காது. எந்த வேலை, எத்தனை மணி நேரம், யார் கற்றுக்கொடுக்கவில்லை என்று குறிப்பாகச் சொல்லுங்கள். வேலைப் பிரிவை மாற்றினாலே தீர்ந்துவிடும் சங்கடங்கள் நிறைய உண்டு.

முடிச்சுட்டு இங்கேயே நர்சிங் படிக்கலாமா?

செவிலியர் தொழிற்பயிற்சி மூன்று ஆண்டு, பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் உண்டு. பி1 அல்லது பி2 அளவு ஜெர்மன் கேட்பார்கள். பயிற்சி ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தங்கும் அனுமதி முடியும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்; முடிவு செய்வது வெளிநாட்டவர் அலுவலகம். வெல்ட்வேர்ட்ஸ் வழியாக வந்தவர்கள் ஊர் திரும்பி, கற்றதை அங்கே பயன்படுத்த வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் எதிர்பார்ப்பு. அதனால் உங்களை அனுப்பியவர்களிடம் ஒளிக்காமல் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

எந்த வழியில் போனாலும் கடைசி மாதம் வரும் முன்பே வேலைச் சான்றிதழ் கேளுங்கள். சட்டப்படி கொடுத்தாக வேண்டியது அது. எந்தெந்தப் பிரிவில் என்னென்ன வேலை செய்தீர்கள் என்று விவரமாக எழுதித் தரச் சொல்லுங்கள். வெறும் தேதிகள் மட்டும் உள்ள தாளைக் கொடுத்தால், அதையும் வாங்கி வைத்துக்கொண்டு விவரமான ஒன்றை மறுபடி கேளுங்கள்.